அடக்கமா? வாய்ப்பூட்டா?

ஒரு படம். உலகெங்கும் ஏடுகளில் வெளிவந்த படம். கருங்கண்ணாடி அணிந்த கறுப்பினச் சிறுமி ஒருத்தி, நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னே ஒரு கூட்டம். அக்கூட்டத்திலே, அவள் வயதே உடைய வெள்ளைச் சிறுமி ஒருத்தி, வாயை அகலத் திறந்து, முகம் கோண, எதையோ கத்துகிறாள். அமெரிக்க நாட்டு ஆர்க்கன்சா மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக்கிலே, சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் எதிரே, 1957 செப்டம்பர் 4ஆம் நாள், வில் கவுண்ட்ஸ் எனும் செய்தியேட்டுப் படப்பிடிப்பாளர் எடுத்த படம் அது. நடப்பவள் எலிசபெத் எக்ஃபோர்ட். கத்துபவள் ஹேசல் பிரயன். இருவருக்கும் வயது 15.

படத்தைக் கண்டவர்கள் பாராட்டினார்கள். என்ன பொறுமை, என்ன அடக்கம், புயலுக்கு நடுவே அணையா விளக்கென நிற்கிறாளே என்று புகழ்ந்தார்கள். பாடநூலிலே அப்படத்தைப் பதித்தார்கள், துணிவின் சின்னம் என்று பெயர் சூட்டினார்கள், பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். அந்தப் பாராட்டுப் பத்திரத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்கிறோம் நாம். பதறவேண்டாம், காரணம் கூறுகிறோம்.

அந்தச் சிறுமி வாய் திறவாமல் நடந்தாள் என்பது மெய். ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டவர் எத்தனை பேர்? மறு மாதம் அவள் என்ன ஆனாள், மறு ஆண்டு என்ன ஆனாள், அந்த வாய் மீண்டும் திறக்க எத்தனை காலம் பிடித்தது என்று கணக்கெடுத்தவர் எத்தனை பேர்? ஏறத்தாழ 40 ஆண்டுகள்! ஒரு மனித வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் விழுங்கிவிட்ட மௌனத்தை அடக்கம் என்று அழைக்கும் துணிவு நமக்கு இல்லை. அது வாய்ப்பூட்டு. பூட்டியவர்கள் யார், சாவியை வைத்திருந்தவர்கள் யார் என்பதே கேள்வி.

நடந்தது என்னவென்று சற்று விரிவாகவே பார்ப்போம். 1954 மே 17 அன்று, நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரித்துவைப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து அளித்த தீர்ப்பு. தீர்ப்பு ஏட்டிலே இருந்தது. பள்ளிக் கதவு பூட்டியே கிடந்தது. மூன்றாண்டு உருண்டோடிய பின்னர், போனால் போகிறது என்று ஒரு கதவைச் சற்றே திறக்க லிட்டில் ராக் நகரின் பள்ளி வாரியம் முன்வந்தது. ஏறத்தாழ 2,000 வெள்ளை மாணவர் பயிலும் சென்ட்ரல் பள்ளியிலே, கறுப்பின மாணவர் ஒன்பது பேர். ஆடவர் மூவர், பெண்கள் அறுவர். இரண்டாயிரத்திலே ஒன்பது! கடலிலே கரைத்த பெருங்காயம் என்பார்களே, அவ்வளவுதான். அந்தப் பெருங்காயத்துக்கே கடல் கொந்தளித்தது!

'அன்னையர் கழகம்' என்று ஓர் அமைப்பு முளைத்தது. பெயரைக் கேட்டதும் நெஞ்சு குளிர்கிறதல்லவா? அந்த அன்னையர் செய்த முதற்பணி, கறுப்பினத் தாய் பெற்ற பிள்ளைகள் தம் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கக் கூடாதென நீதிமன்றத்தின் படியேறித் தடை கேட்டதுதான். தாய்மை என்பது நிறம் பார்த்துச் சுரக்கும் பாலோ, என்னவோ! மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் அதனினும் ஒருபடி மேலே சென்றார். காவல் படையை அனுப்பிப் பள்ளியைச் சூழவைத்தார். அமைதி காக்கவாம்! கலகம் செய்ய வந்தவர்களைத் தடுக்கவில்லை அந்தப் படை. கல்வி கற்க வந்தவர்களைத் தடுத்தது.

அந்தப் பள்ளிக் கட்டடத்தைப் பற்றியும் ஒரு சொல். 1927இல் எழுந்தது. அமெரிக்காவிலேயே அழகுமிக்க உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் போற்றிய மாளிகை. வாயிலின் மேலே நான்கு சிலைகள் உண்டு. வேட்கை, ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்பன அவை குறிக்கும் பண்புகள். வாய்ப்பு கல்லாய் மேலே நிற்க, கீழே துப்பாக்கி முனையில் கத்தி செருகிய காவலர் நின்றனர். சிற்பி அறிந்து செய்த கேலியல்ல. ஆனால் கேலி கேலிதான்.

ஒன்பது பேரும் ஒருங்கே செல்வதென ஏற்பாடு. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய டெய்சி பேட்ஸ் அம்மையார், எங்கே கூடுவது, எப்போது கூடுவது என்று முன்னிரவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி வழியே செய்தி அனுப்பினார். எலிசபெத்தின் வீட்டிலே தொலைபேசி இல்லை. செய்தி சேரவில்லை. ஆகவேதான் படத்திலே அவள் தனியாக நிற்கிறாள்! அந்தத் தனிமையைக் கண்டு காவியம் பாடுகிறவர்கள், அது ஏழ்மை தந்த தனிமை என்பதை மட்டும் பாட மறந்துவிடுகிறார்கள்.

புதுப் பள்ளிக்கென்று தன் கையாலேயே தைத்த வெள்ளைப் பாவாடைச் சட்டையை அணிந்து, பேருந்திலே வந்து இறங்கினாள். வெள்ளை மாணவர்கள் காவலரைக் கடந்து உள்ளே செல்வதைக் கண்டாள். தானும் அவ்வாறே செல்லலாம் என நினைத்தாள். துப்பாக்கிகள் குறுக்கே நீண்டன. ஏதோ தவறு, வேறு வழியால் போகவேண்டும் போலும் என்று எண்ணி அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். அங்கும் துப்பாக்கி. பின்னால் திரண்ட கூட்டமோ, அடி, கொல், மரத்திலே தொங்கவிடு என்று ஆர்ப்பரித்தது. அக்கூட்டத்திலே இரக்கமுள்ள முகம் ஒன்று உண்டோ என்று தேடினாள் பேதை. வயது முதிர்ந்த மாது ஒருத்தியின் முகம் கனிவாகத் தோன்றியது. மீண்டும் அந்த முகத்தை நோக்கினாள். அம்மாது அவள்மீது காறி உமிழ்ந்தாள்.

தெருக்கோடியிலே பேருந்து நிறுத்தத்து விசிப்பலகை ஒன்று. அங்குவரை நடந்து சென்று அமர்ந்தாள். நியூயார்க் ஏடொன்றின் செய்தியாளர் பெஞ்சமின் ஃபைன் அருகே அமர்ந்து ஆறுதல் கூறினார். கிரேஸ் லார்ச் எனும் வெள்ளை மாது, கூட்டத்தாரை அதட்டி, அவளைப் பேருந்தில் ஏற்றி உடன் சென்றார். இவ்விருவரையும் நாம் மறவோம். இருவர் இருந்தனர் என்பது எவ்வளவு மெய்யோ, இருவரே இருந்தனர் என்பதும் அவ்வளவு மெய்.

பேருந்தினின்று இறங்கிய பெண் எங்கே சென்றாள் தெரியுமா? வீட்டுக்கல்ல. தாயிடம். தாய் பணியாற்றியது, பார்வையும் செவிப்புலனும் இழந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியிலே. ஊரே பார்வையும் செவியும் இழந்து நின்ற நாளிலே, அவளுக்குப் புகலளித்த பள்ளி அது!

இதுவரை நடந்தது உலகறிந்தது. படம் இங்கே முடிந்துவிடுகிறது. துன்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நீதிமன்றம் ஆணையிட, ஆளுநர் படையை விலக்கிக்கொண்டார். 23ஆம் நாள் ஒன்பது பேரும் பக்கவாயில் வழியே உள்ளே சென்றனர். வெளியே கூட்டம் வெறியாட்டம் ஆடவே, நண்பகலுக்குள் மறைவாக வெளியேற்றப்பட்டனர். மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 101ஆம் வான்படைப் பிரிவின் 1,000க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். 25ஆம் நாள் காலை, படை புடைசூழ, முன்வாயில் வழியே ஒன்பது பேரும் நுழைந்தனர். நீதி வென்றது என்று ஏடுகள் எழுதின. செய்தியாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர்.

வீரர்கள் தாழ்வாரத்திலே உடன் வந்தனர். வகுப்பறைக்குள் வரவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் வரவில்லை. குளியலறைக்குள் வரமுடியாது. நவம்பர் முடிவதற்குள் வான்படையினரும் விடைபெற்றனர். எஞ்சியது மாநிலக் காவல் படை. எந்தப் படை? செப்டம்பர் 4இல் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டிய அதே படை! ஆணை பிறப்பிப்பவர் மாறினார், ஆட்கள் மாறவில்லை. கண்ணெதிரே நடப்பதைக் காணாததுபோல் நிற்கும் கலையிலே அவர்கள் வல்லவர்களாக இருந்தனர்.

என்ன நடந்தது? அலமாரிகளின்மீது மோதித் தள்ளினார்கள். படிக்கட்டிலே உருட்டிவிட்டார்கள். உடற்பயிற்சி முடிந்து குளிக்கும்போது கொதிநீரைத் திருப்பிவிட்டார்கள். உணவிலே துப்பினார்கள். ஒருநாள் இருநாள் அல்ல, ஓராண்டு. நாள்தோறும். காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும் வரை. எலிசபெத்தின்மீது கைவைப்பது எளிது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் இயல்பிலேயே கூச்சம் மிக்கவள். குரல் உயர்த்தி அறியாதவள். ஓநாய்க்கூட்டம் மந்தையிலே எந்த ஆட்டைத் தேடும் என்பது ஆயனுக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்துதான் ஒரு விதி வைத்தார்கள். அந்த விதியைப் படியுங்கள், பிறகு நாகரிகத்தைப் பற்றிப் பேசலாம். அடித்தார்கள் என்று மாணவி முறையிட்டால் மட்டும் போதாது. வயது வந்தவர் ஒருவர் கண்ணால் கண்டிருக்கவேண்டும். அப்போதுதான் நடவடிக்கை! ஆசிரியர் திரும்பி நின்று கரும்பலகையில் எழுதும்போது அடிப்பவன், சாட்சி வைத்துக்கொண்டா அடிப்பான்? குளியலறையில் கொதிநீரைத் திருப்புகிறவள், ஆசிரியையை அழைத்துவந்தா திருப்புவாள்? சாட்சியில்லாக் குற்றத்துக்குச் சாட்சி கேட்பது, குற்றவாளிக்கு எழுதித் தரும் அனுமதிச் சீட்டு அல்லாமல் வேறென்ன? பெண்கள் பிரிவின் துணைத் தலைமை ஆசிரியை எலிசபெத் ஹக்கபி அம்மையார் முறையீடுகளைக் கேட்டார், குறித்துவைத்தார், தம்மால் இயன்றதைச் செய்தார். மறுக்கவில்லை. ஆனால் இயன்றது மிகச் சிறிது. துன்புறுத்தியவருள் சிலர் சில நாள் பள்ளியினின்று தள்ளிவைக்கப்பட்டனர், திரும்பி வந்தனர், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர்.

சொன்னால் பயனில்லை என்று அறிந்த குழந்தை, சொல்வதை நிறுத்திவிடுகிறது. இதற்குப் பெயர் அடக்கமா?

அந்த 2,000 பேரும் கொடியவர்களா என்று ஒரு கேள்வி எழும். அல்லர். கொடுமையை முன்னின்று நடத்தியது சிறு கூட்டமே. பெரும்பாலோர் ஒன்றும் செய்யவில்லை. அடிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. திட்டவும் இல்லை, ஒரு நல்ல சொல் கூறவும் இல்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்! ஞாயிறுதோறும் தேவாலயம் செல்பவர்கள்! நாம் எதற்கு வம்பிலே மாட்டிக்கொள்ளவேண்டும் என்று புத்தகத்திலே முகம் புதைத்தவர்கள். அந்தச் சிறுமியின் நெஞ்சை அடைத்தது கத்தியவர்களின் கூச்சல் மட்டுமல்ல. கத்தாமல் இருந்தவர்களின் மௌனமும்தான். எது அதிகம் வலித்தது என்று நம்மைக் கேட்டால், பின்னதே என்போம்.

ஒன்பதின்மருக்கும் பெரியவர்கள் ஓர் அறிவுரை கூறியிருந்தார்கள். அடித்தாலும் திருப்பி அடிக்காதே. ஏசினாலும் திருப்பி ஏசாதே. நீங்கள் தவறினால் நம் இனத்தின் வழக்கே தோற்றுவிடும் என்று. அறிவுரையின் நோக்கம் நமக்குப் புரிகிறது. போர்க்களத்தில் படைத்தலைவன் இடும் கட்டளை அது. ஆனால் 15 வயதுச் சிறுமியின் முதுகிலே ஓர் இனத்தின் வழக்கு முழுவதையும் ஏற்றிவைத்து, முனகாமல் நட என்று கூறும் நிலையை உண்டாக்கிய சமுதாயம் எத்தகையது? அறிவுரை கூறியவர்களை நாம் நோகவில்லை. அதற்குத் தேவையை உண்டாக்கியவர்களைத்தான் நோகிறோம்.

முனகினால் என்ன ஆகும் என்பதற்கு அதே பள்ளியில் சான்று உண்டு. மின்னிஜீன் பிரவுன் ஒன்பதின்மருள் ஒருத்தி. கலகலப்பானவள், உயரமானவள், பாடக்கூடியவள். 1957 டிசம்பரில், உணவுக்கூடத்திலே தட்டேந்தி நடந்தவளை, நாற்காலிகளைத் தள்ளி வழிமறித்தனர் சில மாணவர். தட்டு சாய்ந்தது, கிண்ணத்திலிருந்த காரக் குழம்பு இருவர் தலையில் கொட்டியது. கூடம் ஒரு கணம் அடங்கிற்று. மறுகணம், அங்கே பரிமாறிக்கொண்டிருந்த கறுப்பினப் பணியாளர்கள் கைதட்டினார்கள்! அந்தக் கைதட்டல் எத்தனை தலைமுறை அடக்கிவைத்த ஓசையோ! பலன்? மின்னிஜீன் சில நாள் பள்ளியினின்று நீக்கப்பட்டாள். திரும்பி வந்தாள். பிப்ரவரியிலே, தன்னைத் தாக்கிய வெள்ளை மாணவியை ஒரு வசைச்சொல் கூறினாள். வசைச்சொல் ஒன்று! அடிகள் ஆயிரத்துக்குச் சாட்சி கேட்ட பள்ளி, இந்த ஒரு சொல்லுக்குச் சாட்சியைத் தேடி அலையவில்லை. அடியோடு வெளியேற்றியது. 'ஒன்று ஒழிந்தது, இன்னும் எட்டு' என்று அட்டை அச்சிட்டு வழங்கினர் வெறியர். நியூயார்க்கிலே கென்னத் கிளார்க், மாமி கிளார்க் எனும் உளவியல் அறிஞர் இணையர் தம் இல்லத்திலே அவளுக்கு இடமளித்து, வேறு பள்ளியில் படிக்கவைத்தனர். கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி ஆய்ந்து, இனப்பிரிவினை பிஞ்சு நெஞ்சை எப்படி நசுக்குகிறது என்று எடுத்துக்காட்டியவர்கள் அவ்விருவரும். 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே அவர்தம் ஆய்வுக்கு இடமுண்டு.

ஆக, பேசினவள் துரத்தப்பட்டாள். பேசாதவள் புகழப்பட்டாள், உள்ளே உடைக்கப்பட்டாள். இரண்டிலே ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு குழந்தையின் முன்னே நீட்டிய சமுதாயம், பிறகு அவள் அடக்கத்தை மெச்சுகிறது. கழுத்தை நெரித்தவனே, பார், எவ்வளவு அமைதியாக உறங்குகிறாள் என்பது போல!

1958 மே மாதம் பட்டமளிப்பு. ஒன்பதின்மருள் மூத்தவரான எர்னஸ்ட் கிரீன் சென்ட்ரல் பள்ளியில் தேறிய முதற் கறுப்பின மாணவர். அவையோரிடையே மார்ட்டின் லூதர் கிங் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் எழுந்தது. எர்னஸ்ட் கிரீன் பெயர் அழைக்கப்பட்டபோது அவை உறைந்து கிடந்தது. அடுத்த கல்வியாண்டிலே ஆளுநர் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளையே இழுத்து மூடினார். கறுப்பினப் பிள்ளை படிக்கலாகாது என்றால் வெள்ளைப் பிள்ளையும் படிக்காமல் கிடக்கட்டும் என்ற பெருந்தன்மை! மூக்கறுந்தாலும் சரி, எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்ற பழைய கதைதான்.

எலிசபெத் ஊரைவிட்டு வெளியேறினாள். வேறிடத்தில் கல்வியை முடித்தாள், வரலாறு பயின்று பட்டம் பெற்றாள், ஐந்தாண்டு இராணுவத்தில் பணியாற்றினாள், 1974இல் லிட்டில் ராக் திரும்பினாள். வரலாறு பயின்றவள், தன் வரலாற்றை மட்டும் வாய்விட்டுக் கூற இயலாதவளாய் இருந்தாள். உள்ளச்சோர்வு ஆண்டுக்கணக்கில் வாட்டியது. பேரொலி கேட்டால் நடுக்கம். முதுகுக்குப் பின்னே ஆள் நின்றால் அச்சம். காலம் காயத்தை ஆற்றும் என்பார் உளர். காலம் என்ன மருத்துவமா படித்திருக்கிறது? மூடிவைத்த புண் ஆறாது, புரையோடும்.

1990களின் பிற்பகுதியிலேதான் அந்த அம்மையார் பேசத் தொடங்கினார். எங்கே? மாநாட்டு மேடையிலல்ல. பள்ளி மாணவரிடையே. தொடக்கத்திலே அழாமல் பேச முடியவில்லை. நா எழாது, கண்ணீரே முன்வரும். ஆயினும் மீண்டும் சென்றார், மீண்டும் பேசினார். தம்மை ஒரு வீராங்கனையாகக் காட்டவில்லை. அந்த ஓராண்டிலே என்னென்ன செய்தார்கள், யார் யார் கண்டும் காணாதிருந்தார்கள் என்பதையே கூறினார். அத்தோடு இன்னொன்றும் கூறினார். நாளின் கடைசி வகுப்பிலே, இரு வெள்ளை மாணவர் நாள்தோறும் தம்மிடம் முகமலர்ந்து பேசினர் என்றும், தம்மையும் ஒரு மனிதப்பிறவியாக நடத்தினர் என்றும், அந்தச் சில நிமிடங்களே தம்மைத் தாங்கின என்றும். அது எந்த வகுப்பு தெரியுமா? பேச்சுக்கலை வகுப்பு! கட்டுக்கதையிலே எழுதினால் நம்பமாட்டோம், நடந்ததால் நம்பவேண்டியிருக்கிறது. அவ்விருவரும் அதற்காக வீட்டுக்கு மிரட்டல் வாங்கினர், அடியும் வாங்கினர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அம்மையார் பேசத் தொடங்கியதும், ஊராருக்குப் புதியதொரு அவசரம் பிறந்தது. மன்னித்துவிடு! மறந்துவிடு! கைகுலுக்கு! படம் எடுக்கவேண்டும்!

எடுத்தார்கள். 1997இல், 40ஆம் ஆண்டு விழாவின்போது, அதே வில் கவுண்ட்ஸ், அதே பள்ளியின் எதிரே, எலிசபெத்தையும் ஹேசலையும் புன்னகையோடு நிறுத்திப் படம் எடுத்தார். 'சமரசம்' என்று தலைப்பிட்டு அது சுவரொட்டியாக விற்கப்பட்டது. ஹேசலைப் பற்றி நேர்மையாக ஒன்று கூறவேண்டும். 1960களின் தொடக்கத்திலேயே, எவரும் தூண்டாமலே, எலிசபெத்தை அழைத்து மன்னிப்புக் கேட்டவர் அவர். அந்தக் கூட்டத்திலே கத்திய ஏனையோரைவிட அவர் எவ்வளவோ மேல். இருவரும் சில காலம் தோழியராகவே பழகினர். சேர்ந்து பள்ளிகளுக்குச் சென்று பேசினர். ஆனால் தோழமை நிலைக்கவில்லை. அன்று நடந்ததை ஹேசல் முழுமையாக நினைவுகூரவில்லை, முழுமையாக ஒப்பவில்லை என்று எலிசபெத் உணர்ந்தார். ஊருக்கோ ஆத்திரம்! புன்னகைப் படம் கையிலே இருக்கும்போது, இந்த அம்மாள் ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள்?

எலிசபெத் செய்ததுதான் நமக்குப் பிடித்த செயல். அந்தச் சுவரொட்டி தொடர்ந்து விற்கப்பட வேண்டுமானால், அதன்மீது ஒரு சிறு சீட்டு ஒட்டப்படவேண்டும் என்றார். வலிமிகுந்த கடந்த காலத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டால் ஒழிய மெய்யான சமரசம் இல்லை என்பது அந்தச் சீட்டின் பொருள். ஒட்டினார்கள். 15 வயதில் ஒரு படம் அவரை ஊமையாக்கிச் சின்னமாக்கியது. 50ஐக் கடந்த வயதில் இன்னொரு படம் அதையே செய்ய முனைந்தது. இம்முறை படத்தின்மீதே தம் சொல்லை ஒட்டிவிட்டார்!

மன்னிப்பை நாம் எதிர்க்கவில்லை. மன்னிக்கும் உரிமை அடிபட்டவருக்கு உரியது. அதைக் கந்துவட்டிக்காரன் போலக் கெடு வைத்து வசூலிக்க ஊராருக்கு உரிமை இல்லை என்கிறோம்.

இதையெல்லாம் படிக்கும் நம்மவர் சிலர், அமெரிக்காவில் இப்படியா என்று உச்சுக்கொட்டலாம். உச்சுக்கொட்டுமுன், சதாராவிலே பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கரை நினையுங்கள். வகுப்பின் மூலையிலே, வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச்சாக்கின்மீது அமர்ந்தவர். குழாயைத் தொடும் உரிமை இன்றி, பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டாலன்றித் தாகம் தீராதவர். அவரும் அடக்கமாகத்தான் அமர்ந்திருந்திருப்பார். பெண்ணுக்கு அடக்கமே அணிகலன் என்று ஓயாது உபதேசித்த நாம், அந்த அணிகலனைப் பொற்கொல்லன் செய்தானா கருமான் செய்தானா என்று பார்த்ததுண்டா?

1998இல் அந்தப் பள்ளி தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 1999இல் ஒன்பதின்மருக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. நல்லதே. எனினும் பதக்கம் கழுத்தில் விழுவது, குரல் கழுத்தில் எழுவதற்கு ஈடாகாது என்பதற்குப் பிற்காலத்திலே சான்று கிடைத்தது. 2023 ஆகஸ்டிலே, பள்ளி திறக்கும் வேளையிலே, கறுப்பின மக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் உயர்நிலைப் பாடம் ஒன்றை ஆர்க்கன்சா மாநிலக் கல்வித்துறை தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கியது. மாணவர் மனத்திலே தவறான கருத்தைத் திணித்துவிடுமோ என்ற ஐயமாம்! அப்போது மாநில ஆளுநராக இருந்த சாரா ஹக்கபி சாண்டர்ஸ் அம்மையாரும் சென்ட்ரல் பள்ளியிலேயே படித்தவர். தாம் ஏறிய படிக்கட்டிலே உருட்டிவிடப்பட்ட சிறுமியின் கதை, பாடமாகும்போது மட்டும் கசந்ததோ? கதையைப் பதக்கமாக்கலாம், சுவரொட்டியாக்கலாம், சுற்றுலாவாக்கலாம். பாடமாக்கினால் மட்டும் பதற்றம். ஏனெனில், பாடம் என்றால் கேள்வி வரும். யார் உருட்டினார்கள் என்று ஒரு மாணவி கேட்பாள். உருட்டியபோது ஆசிரியர் எங்கே இருந்தார் என்று இன்னொருத்தி கேட்பாள். என் பாட்டனார் அந்த ஆண்டு அங்கே படித்தாராமே, அவர் என்ன செய்தார் என்று மூன்றாமவள் கேட்பாள்.

ஒன்பதின்மருள் சிலர் அந்த நீக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தனர். மாநிலம் ஏற்காவிட்டால் போகட்டும், நாங்கள் நடத்துகிறோம் என்று பாடத்தைத் தொடர்ந்தன சில பள்ளிகள். அவற்றுள் ஒன்று, வாயிலிலே நான்கு சிலைகள் நிற்கும் அந்தச் சென்ட்ரல் பள்ளி.

அப்பள்ளியின் தெருக்கோடியிலே, எலிசபெத் தனியே அமர்ந்த இடத்திலே, 2018 செப்டம்பர் 4இல், அந்த விசிப்பலகை போன்றதொரு பலகையை மீண்டும் நிறுவினார்கள். மாணவர்களும் கைகொடுத்து எழுந்த பலகை அது. அதே ஆண்டு, தம் முதற்பள்ளி நாளையும் தாம் பட்ட துன்புறுத்தலையும் விவரிக்கும் நூலொன்றை இணையாசிரியர் இருவருடன் சேர்ந்து அம்மையார் வெளியிட்டார். இளம் வாசகர்களுக்கென்றே எழுதப்பட்ட நூல் அது. வெளியானபோது அவருக்கு வயது 76.